முழு நீர்மட்டக் கோடு: நகர நீர்நிலைகளை அளப்பதும் நகரைத் திட்டமிடுவதும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பொறியியல் அறிவு தமிழில் பொதுமக்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் நோக்கம். அதற்கு ஏற்ற பொருளாக, நம் நகரத்து ஏரி குளங்களைப் புவியியல் தரவுகளைக் கொண்டு அளப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். செயற்கைக்கோள் படம், நில அளவைப் பதிவேடு, மட்டக் கருவி, கணினி வரைபடம் என்று பலவும் இந்தப் பேச்சில் வரும். ஆனால் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றைத்தான். ஏரியை அதில் இன்று கிடக்கும் தண்ணீரை வைத்து அளக்கக் கூடாது. நிரம்பினால் தண்ணீர் எதுவரை நிற்கும், வழிந்தால் எந்த வழியே போகும் என்பதை வைத்து அளக்க வேண்டும். இந்த இரண்டும் தெரியாமல் வரைகிற நகரத் திட்டம் ஒரு பெருமழைக்குத் தாங்காது.

அளவை தொடங்கிய மண்

நில அளவையில் சென்னை மூத்த ஊர். 1794-இல் இங்கே தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலி பிடித்து அளந்தார். இந்தியத் துணைக்கண்டத்தை முக்கோணங்களால் அளந்த பெரும்பணிக்கு அந்தக் கோடுதான் ஆதாரம்.

அதே பரங்கிமலையின் கிழக்கிலும் தெற்கிலும்தான் ஆதம்பாக்கம், வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை எல்லாம் இருக்கின்றன. 2015 டிசம்பர் முதல் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அந்த வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பகுதி மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது. இரண்டு வெள்ளத்துக்கும் நடுவே 2019 கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. ஒரே ஊர் ஏறத்தாழ எட்டு ஆண்டில் இரண்டு முறை மூழ்கி, ஒரு முறை தாகத்தில் தவித்தது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறுகிற ஊர் இது. மழையில் குறைவில்லை. பெய்த மழை நிற்பதற்கு இருந்த இடமும் நடப்பதற்கு இருந்த வழியும் நம் கைவிட்டுப் போயின.

அந்த இடங்கள் போனதில் அரசின் திட்டங்களுக்கும் பங்கு உண்டு. 1920-களில் மயிலாப்பூரின் நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. திட்டமிட்டவர்கள் கண்ணுக்கு ஏரி என்பது ஆண்டில் பாதி நாள் சும்மா கிடக்கும் நிலமாகத் தெரிந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 1960-களில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றபோது அதன் பரப்பு 1,247.54 ஹெக்டேர். இந்த இடைவெளியில் குப்பைக் கிடங்கு இருக்கிறது, சாலைகள் இருக்கின்றன, பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன, பல்லாயிரம் குடும்பங்களின் வீடுகளும் இருக்கின்றன.

ஓர் ஏரிக்கு எத்தனை உறுப்புகள்

வட தமிழகத்து ஏரி என்பது பெரும்பாலும் மனிதன் கட்டியது. லேசான சரிவுள்ள நிலத்தில், தாழ்வான பக்கம் பிறை வடிவில் மண் கரை எழுப்பி, மேட்டிலிருந்து வரும் மழைநீரைத் தடுத்து நிறுத்துவார்கள். பாசனத்துக்குத் தண்ணீர் விட மதகு. கொள்ளளவுக்கு மேல் வருவதை வெளியேற்றக் கலங்கல். மேலிருந்து நீரைக் கொண்டுவரும் வரத்துக் கால்வாய், கலங்கலில் வழிந்ததைக் கீழ் ஏரிக்கு எடுத்துச் செல்லும் போக்குக் கால்வாய். கரைக்கு எதிர்ப்பக்கம் கரையே கிடையாது. அங்கே நிலம் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகும். நிரம்பும்போது தண்ணீர் அந்தப் பக்கம்தான் பரவி ஏறும். அதை ஏரி உள்வாய் என்கிறோம்.

ஏரியின் நீர்மட்டத்தை முடிவு செய்வது கலங்கலின் உச்சி. அந்த உச்சி வரை நின்றால் முழு நீர்மட்டம். பெருமழையில் கலங்கலுக்கு மேல் இரண்டு அடி உயரத்துக்குத் தண்ணீர் ஓடினால்தான் வந்த வெள்ளம் வெளியேறும் என்றால், ஏரி முழுவதும் அந்த இரண்டு அடி கூடுதலாக ஏறும். அது உச்ச நீர்மட்டம். நிலம் தட்டையாக இருக்கும் இடத்தில் ஓரடி ஏறினாலே உள்வாய்ப் பக்கம் தண்ணீர் பல நூறு அடி தூரம் பரவும். ஏரியில் முதலில் வீட்டுமனையாக மாறுவதும் இந்த உள்வாய்தான். கோடையில் வந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது மேய்ச்சல் தரையாகவோ தரிசாகவோதான் தெரியும்.

தனியாக நிற்கும் ஏரியும் மிகக் குறைவு. கீழ்க்கட்டளை ஏரியின் உபரி நாராயணபுரம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து பள்ளிக்கரணைக்குப் போகிறது. இப்படிச் சங்கிலித் தொடராக வரும் பல ஏரிகளின் வடிகால் அந்தச் சதுப்பு நிலம். ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர் அங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காடு பக்கம் கடலுக்குப் போக வேண்டும். தொடரில் ஒரு கண்ணி அடைபட்டால் மேலே இருக்கும் ஊரும் மூழ்கும்.

செம்பரம்பாக்கம் ஏரியின் மொத்த உயரமான 24 அடியில் இன்று எத்தனை அடி நீர் இருக்கிறது, 3,645 மில்லியன் கன அடியில் எவ்வளவு இருக்கிறது என்று மழைக்காலத்தில் நாளிதழ் தினமும் அச்சிடுகிறது. அந்தத் தரவு பொதுச் சொத்தாகிவிட்டதால் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். ஆனால் தன் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் ஏரியின் கலங்கல் மட்டம் என்ன என்று கேட்டால், அந்தத் தெருவில் ஒருவராலும் சொல்ல முடிவதில்லை. நம் வீட்டுக்குள் தண்ணீர் வருவதோ பெரும்பாலும் இந்தச் சின்ன ஏரியின் தொடரிலிருந்துதான்.

மூன்று கோடுகள்

ஒரே ஏரிக்கு மூன்று எல்லைக் கோடுகள் வரையலாம். பதிவேட்டுக் கோடு, தண்ணீர்க் கோடு, மட்டக் கோடு. மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதே இல்லை. நகரத்துத் தண்ணீர்ச் சிக்கல்களில் பெரும்பகுதி இந்தக் கோடுகளுக்கு நடுவே உள்ள நிலத்தில்தான் நடக்கிறது.

முதலில் பதிவேட்டுக் கோடு. வருவாய்த் துறையின் கிராம வரைபடம், புல எண்ணுக்கு ஒன்றாக இருக்கும் எஃப்எம்பி என்ற புல அளவைப் படம், ஏ-பதிவேடு ஆகியவற்றில் இது இருக்கிறது. நீதிமன்றம் ஏற்கும் கோடும் இதுவே. பழைய கிராம வரைபடங்களை மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரைந்தார்கள். ஏரிப் புறம்போக்கு மட்டுமல்லாமல் வாய்க்கால், ஓடை, குட்டை, தாங்கல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் புல எண் அதில் இருக்கும். இன்று எந்தச் செயற்கைக்கோளாலும் பார்க்க முடியாத, தூர்ந்துபோன வாய்க்கால்கூட அந்தத் தாளில் உயிரோடு இருக்கிறது. அதனால் இந்த ஆவணங்களை நான் மிக மதிக்கிறேன்.

ஆனால் எஃப்எம்பியில் அட்சரேகை, தீர்க்கரேகை கிடையாது. அந்தப் புலத்துக்குள் கல்லிலிருந்து கல்லுக்குச் சங்கிலி பிடித்த அளவுகள்தான் இருக்கும். அதை ஜிஐஎஸ் என்னும் கணினி வரைபட முறையில் பூமியின்மேல் சரியாகப் பொருத்த வேண்டுமானால், மூன்று கிராம எல்லைகள் சந்திக்கும் கல் போன்ற அசையாத அடையாளங்களைத் தரையில் தேடிக் கண்டுபிடித்து, டிஜிபிஎஸ் என்ற துல்லிய இடங்காட்டிக் கருவியால் அளந்தாக வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்களை இன்றைய உலகப் பொது ஆயத்தொலைவுக்கு முறைப்படி மாற்றாமல் அப்படியே ஏற்றினால், சென்னைப் பகுதியில் இடம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். நூறு மீட்டர் தள்ளிப்போன ஏரி ஒருவர் வீட்டை ஆக்கிரமிப்பாகக் காட்டும்; உண்மையான ஆக்கிரமிப்பைத் தப்பவிடும்.

இந்தக் கோட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. புறம்போக்கு எல்லையோடு தண்ணீர் நிற்பதில்லை. ஏரி நிரம்பும்போது உள்வாயில் பட்டா நிலங்களும் மூழ்குவது நம் ஊரில் புதிதல்ல. உழவர் கையில் இருந்தவரை அது சிக்கலாகவில்லை. தண்ணீர் வடிந்ததும் அந்த ஈரத்தில் பயிர் வைத்துக்கொண்டார். அதே பட்டா மனைப்பிரிவாகும்போது, காகிதத்தில் எந்தத் தப்பும் இல்லாமலேயே ஒரு குடும்பம் ஏரிக்குள் குடியேறிவிடுகிறது.

இரண்டாவது தண்ணீர்க் கோடு. இதைச் செயற்கைக்கோள் தருகிறது. தண்ணீர் அகச்சிவப்புக் கதிரை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிக்கொள்ளும். பச்சை நிற ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும். செடிகொடிகள் அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். இந்த வேறுபாட்டை நீர்க் குறியெண் என்ற ஓர் எண்ணாக்கித் தண்ணீரைப் பிரித்தெடுக்கும் முறையை மெக்ஃபீட்டர்ஸ் என்ற ஆய்வாளர் 1996-இல் வகுத்தார். 1972-இல் பறக்கத் தொடங்கிய லேண்ட்சாட் வரிசையின் படங்கள் 2008 முதல் எல்லாருக்கும் இலவசம். 2015-இல் ஏவிய சென்டினல்-2 வரிசையும் இலவசமே. இரண்டு கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை படம் எடுக்கின்றன. நம் நாட்டின் ஐஆர்எஸ் வரிசை 1988-இல் தொடங்கியது. 2005-இல் ஏவிய கார்ட்டோசாட்-1 இரண்டரை மீட்டர் நுணுக்கத்தில் இரட்டைப் படம் எடுத்து மேடுபள்ளத்தையும் காட்டியது. 1960-களில் அமெரிக்க உளவுக்கோள்கள் எடுத்த கொரோனா படங்கள் 1995-இல் வெளியிடப்பட்டதால், அறுபது ஆண்டுக்கு முந்தைய நில அமைப்பைக்கூட நாம் மேலிருந்து பார்க்க முடிகிறது. ஒரு கல்லூரி மாணவர் தன் மடிக்கணினியில் நாற்பது ஆண்டு வரலாற்றை ஒரே மாலையில் பார்த்துவிடலாம். இது பெரிய கொடை.

அதன் எல்லையையும் தெரிந்துகொண்டே பயன்படுத்த வேண்டும். லேண்ட்சாட்டின் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது ஏறத்தாழ நான்கு கிரவுண்டு. சென்டினலின் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அரை கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. நாலு மீட்டர் அகலப் போக்குக் கால்வாய் இந்தப் படத்தில் தெரியாது. ஆகாயத்தாமரை மூடிய ஏரி, கணினிக்குப் புல்வெளியாகத் தெரியும். உயரமான கட்டடங்களின் நிழல் தண்ணீராகத் தெரியும். நமக்கு மழை தருவதோ வடகிழக்குப் பருவம். ஏரி நிரம்பும் அந்த அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் வானம் மேகமூட்டமாக இருப்பதால் ஒளிப்படக் கோளுக்குத் தரை தெரியாது. நல்ல படம் கிடைப்பது பிப்ரவரிக்குப் பிறகு. அதற்குள் நீர் இறங்கத் தொடங்கியிருக்கும். மே மாதப் படத்தை வைத்து ஏரியின் எல்லையை வரைந்தால், வரைகிறவரே ஏரியைச் சுருக்கிவிடுகிறார்.

மேகத்தை ஊடுருவ ரேடார் கோள்கள் இருக்கின்றன. 2014 முதல் சென்டினல்-1 அந்தப் பணியைச் செய்கிறது. அமைதியான நீர்ப்பரப்பு ரேடார் அலையை வேறு திசைக்குத் தெறிக்கவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். வயல்வெளி வெள்ளத்துக்கு இது அருமையான கருவி. கட்டடங்களுக்கு நடுவே தேங்கிய நீரில் அலை சுவரிலும் பட்டுத் திரும்பிவிடுவதால் அதே வெள்ளம் வெளுப்பாகத் தெரிந்து ஏமாற்றும். வேளச்சேரியின் தெருக்களை ரேடார் படம் ஒன்றை மட்டும் நம்பி வெள்ளமில்லாப் பகுதி என்று குறித்தால் பெரும்பிழை ஆகிவிடும்.

மூன்றாவது மட்டக் கோடு. கலங்கல் உச்சியின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து துல்லியமாக அளந்து, அதே உயரத்தில் உள்வாய் முழுவதும் ஒரு சமஉயரக் கோடு இழுத்தால் அதுதான் முழு நீர்மட்டக் கோடு. அதற்கு மேல் உச்ச நீர்மட்டக் கோடு. தண்ணீருக்குத் தெரிந்த எல்லை இது ஒன்றுதான். சென்னை ராஜதானியில் 1883-இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில், ஒவ்வோர் ஏரிக்கும் நீர்ப்பிடிப்புப் பரப்பு, கலங்கல், மதகு, கொள்ளளவு ஆகியவற்றைக் குறித்துக் குறிப்பேடு எழுதும் பழக்கம் இருந்தது. அளக்க வேண்டியது எது என்று அன்றைய பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று இந்தக் கோட்டை வரையப் பலர் கையில் எடுப்பது, 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ரேடாரால் எடுத்த உலக உயரத் தரவு. இலவசமாகக் கிடைக்கிறது, ஆற்றுப் படுகை அளவிலான ஆய்வுக்குப் பயன்படும். ஆனால் அதில் சில மீட்டர் வரை உயரப் பிழை வரும். கட்டடத்தின் மொட்டைமாடியையும் மரத்தின் தலையையும் அது தரை என்று எண்ணிக்கொள்ளும். பள்ளிக்கரணையைச் சுற்றி ஓரடி உயரம்தான் ஒரு வீடு மூழ்குமா தப்புமா என்பதை முடிவு செய்கிறது. அங்கே சில மீட்டர் பிழையுள்ள தரவால் பயனில்லை. விமானத்திலிருந்து லேசர் கதிர் செலுத்தி அளக்கும் லைடார் அளவையோ, தரையில் மட்டக் கருவி வைத்து எடுக்கும் அளவையோதான் அங்கே வேண்டும்.

கொள்ளளவுக்கும் இதுவே வழி. பரப்பு மட்டும் தெரிந்தால் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. நீர் நிற்கும் ஏரியின் அடியைப் படகிலிருந்து எதிரொலிக் கருவியால் அளக்கலாம். வறண்ட ஏரியின் அடியை ட்ரோன் கொண்டு ஒரு நாளில் அளந்துவிடலாம். 2019 போன்ற வறண்ட கோடை, ஏரியின் வயிற்றை அளக்க இயற்கை தரும் வாய்ப்பு.

கலங்கலில் இருந்து கல்வெர்ட்டு வரை

இந்த மூன்று கோடுகளும் தரையில் எப்படிச் சந்திக்கின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். தென்சென்னைப் புறநகரில் ஓர் ஏரி. மாணவர்களோடு அதன் போக்குக் கால்வாயை அளக்கப் போயிருந்தேன். கையில் கிராம வரைபடம், சென்டினல் படத்தில் எடுத்த நீர்ப்பரப்பு, ஒரு டிஜிபிஎஸ் கருவி. படத்தில் ஏரி நலமாகவே இருந்தது. கரை ஆக்கிரமிப்பு அதிகமில்லை, நீர்ப்பரப்பும் பல ஆண்டுகளாகப் பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் கடந்த சில மழைகளில் உள்வாய்ப் பக்கத் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது.

கலங்கல் பழைய கருங்கல் கட்டுமானம், நல்ல நிலையில் இருந்தது. அதன் உச்சியில் கருவியை நிறுத்தி மட்டம் எடுத்துக்கொண்டு, வரைபடத்தில் உள்ள வாய்க்கால் புல எண்ணைப் பிடித்துக் கீழ்நோக்கி நடந்தோம். தாளில் அது ஒரே சீரான அகலத்தோடு அடுத்த ஏரி வரை போகிறது. தரையில் முதலில் கோரைப்புல் மண்டிய பள்ளம், பிறகு இரு பக்கமும் மதில், பிறகு ஒரு புதிய சாலை. சாலைக்கு அடியில் கல்வெர்ட்டாக இரண்டு குழாய்கள்.

அங்கே வாசலில் உட்கார்ந்திருந்த மூதாட்டி நாங்கள் என்ன அளக்கிறோம் என்று கேட்டார். சொன்னோம். “ஏரியிலேர்ந்து தண்ணி எங்க வீட்டுக்கு வரல தம்பி. போன தண்ணி இந்த ரோட்டுகிட்ட முட்டிக்கிட்டுத் திரும்பி வந்துச்சு. முதல்ல எங்க கொல்லைப்பக்கம்தான் ஏறிச்சு” என்றார். ஒரு மாணவி, “எந்த இடம்னு காட்டுறீங்களா பாட்டி?” என்று கேட்டுக்கொண்டு அவரோடு பின்பக்கம் போனார். துவைக்கிற கல்லுக்கு மேலே சுவரில் சேறு படிந்த கறை இருந்தது. அந்தக் கறையின் மட்டத்தையும், குழாயின் அடிமட்டத்தையும் எடுத்தோம்.

கணக்குப் போட்டபோது விளங்கியது. குழாயின் அடிமட்டம், மேலே உள்ள கலங்கல் உச்சியைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. ஏரியின் நீர்மட்டத்தை அதுவரை முடிவு செய்துவந்த கலங்கல், சாலை போட்ட நாளிலிருந்து அந்த அதிகாரத்தை இழந்துவிட்டது. அந்தக் குழாய்தான் புதிய கலங்கல். அதனால் முழு நீர்மட்டக் கோடு உள்வாயில் பல தெருக்கள் உள்ளே தள்ளிப்போயிற்று. ஏரியை யாரும் ஆக்கிரமிக்கவில்லை, செயற்கைக்கோள் படத்திலும் எந்த மாற்றமும் இல்லை. ஆனாலும் ஏரியின் எல்லை நகர்ந்துவிட்டது. இதைக் கண்டுபிடித்ததில் கருவிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அந்த அம்மையாருக்கும் உண்டு. வெள்ளக் கறையும் குடியிருப்போர் நினைவும் புவியியல் தரவுதான். அவற்றை ஆயத்தொலைவோடு பதிவு செய்தால் எந்த வெள்ள மாதிரியின் கணக்கையும் சரிபார்க்கும் உரைகல்லாக அவை உதவும்.

எண்ணிக்கையிலிருந்து திட்டத்துக்கு

ஒன்றிய ஜல் சக்தி அமைச்சகம் 2023-இல் நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பை வெளியிட்டது. நாடு முழுவதும் 24,24,540 நீர்நிலைகள், தமிழ்நாட்டில் 1,06,957. நாட்டின் மொத்தத்தில் நகர்ப்புறத்தில் இருப்பவை 2.9 விழுக்காடு. 38,496 நீர்நிலைகளில் ஆக்கிரமிப்பு இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது. நீர்நிலைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து இடக்குறியோடு பதிவு செய்த இந்தப் பணி பாராட்டுக்குரியது. ஆனால் தேக்கமில்லாமல் ஓடும் ஓடைகளும் கால்வாய்களும் அந்தக் கணக்கெடுப்பின் வரையறைக்குள் வரவில்லை. ஒரு கணக்கெடுப்புக்கு அது பொருத்தமான வரையறைதான். நகரத் திட்டத்துக்கு அது போதாது. ஏரியை எண்ணிவிட்டு ஏரிகளை இணைக்கும் வாய்க்காலை விட்டுவிட்டால், தொடரே கைவிட்டுப் போகும்.

ஐதராபாத் இதில் ஓர் அடி முன்னே போயிருக்கிறது. அங்கே பெருநகர வளர்ச்சி ஆணையம் ஒவ்வோர் ஏரிக்கும் முழு நீர்மட்டக் கோட்டை அளந்து, அது எந்தெந்தப் புல எண்களில் விழுகிறது என்பதைக் காட்டும் வரைபடத்தைப் பொதுப் பார்வைக்கு வைக்கிறது. 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிக்கு அந்தக் கோட்டிலிருந்து 30 மீட்டர், சிறிய ஏரிக்கு 9 மீட்டர் கட்டடமில்லாப் பகுதி என்பது 2012-ஆம் ஆண்டு விதி. மட்டக் கோட்டைச் சட்டம் ஏற்றுக்கொண்டது பெரிய முன்னேற்றம். ஆனால் முதனிலை அறிவிக்கை வந்த வேகத்தில் இறுதி அறிவிக்கை வரவில்லை. அந்த இடைக்காலத்தில் கட்டடங்கள் எழுந்தன. அளப்பதற்கும் அறிவிப்பதற்கும் நடுவே காலம் கடத்தினால், அளந்ததன் பயன் போய்விடும்.

தமிழ்நாட்டில் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதி 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஏரி மாவட்டம் என்றே பெயர் பெற்ற பழைய செங்கல்பட்டுச் சீமையின் பெரும்பகுதி இப்போது நகரத் திட்டத்துக்குள் வந்துவிட்டது. சென்னையின் மூன்றாம் முழுமைத் திட்டம் 2027 முதல் 2046 வரையிலான காலத்துக்கானது. தியாகராய நகருக்கும் வேளச்சேரிக்கும் நாம் தர முடியாத பாதுகாப்பை, இன்னும் கட்டடம் எழாத அந்த ஏரிகளுக்கு இப்போது தர முடியும். அதற்கு நான்கு கோரிக்கைகளை இந்த மேடையிலிருந்து முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு நீர்நிலைக்கும் ஓர் அடையாள எண்ணும் ஒரு குறிப்பேடும் வேண்டும். கலங்கல் மட்டம், மதகு மட்டம், உச்ச நீர்மட்டம், கொள்ளளவு, எங்கிருந்து வரத்து, எந்த ஏரிக்குப் போக்கு என்பன அதில் இருக்க வேண்டும். எந்த நாளில், எந்தக் கருவியால், எவ்வளவு துல்லியத்தில் அளந்தது என்பதும் கூடவே இருக்க வேண்டும். நாள் குறிக்காத நீர்ப்பரப்பு வரைபடத்தை யாரும் ஏற்கக் கூடாது.

இரண்டாவது, பதிவேட்டுக் கோட்டையும் மட்டக் கோட்டையும் ஒரே வரைபடத்தில் புல எண்ணோடு வெளியிட வேண்டும். மக்கள் ஆட்சேபணை சொல்லக் காலம் தந்து, குறித்த கெடுவுக்குள் இறுதி அறிவிக்கை செய்ய வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவே பட்டா நிலம் வைத்திருப்பவருக்கு அதை விளைநிலமாகவே வைத்திருக்க ஊக்கமோ, மாற்று வளர்ச்சி உரிமையோ தர வேண்டும். அவருக்கு நட்டம் வராமல் பார்த்தால்தான் கோடு நிலைக்கும்.

மூன்றாவது, மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் அனுமதி தரும் கணினி முறையிலேயே இந்த வரைபடம் இணைந்திருக்க வேண்டும். தனியார் வீட்டுக்குப் பொருந்தும் அந்தச் சோதனை அரசுச் சாலைக்கும் பாலத்துக்கும் பொருந்த வேண்டும். எந்தக் கல்வெர்ட்டின் அடிமட்டமும் மேலுள்ள கலங்கல் மட்டத்துக்குத் தாழ்வாகவே இருக்க வேண்டும் என்பது எழுதப்பட்ட விதியாக வேண்டும்.

நான்காவது, சின்ன ஏரிகளிலும் நீர்மட்ட அளவுகோல் நட வேண்டும். தானியங்கிக் கருவி வைக்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் கலங்கலில் அடிக்குறியிட்ட கல் ஒன்று போதும். பக்கத்துப் பள்ளி மாணவர்கள் மழைக்காலத்தில் தினமும் படித்து எழுதலாம். மழைக்காலம் முடிந்ததும் அந்த ஆண்டின் தரவால் வரைபடத்தைத் திருத்தி வெளியிட வேண்டும்.

கோடு எல்லாருக்கும் ஒன்று

ஒரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். வரைபடம் அதிகாரமுள்ள கருவி. நீர்நிலை மீட்பு என்ற பெயரில் அது முதலில் போய் நிற்பது பெரும்பாலும் கூவத்து ஓரத்திலும் அடையாற்று ஓரத்திலும் குடிசை போட்டவர் வாசலில்தான். அங்கிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. இவை பள்ளிக்கரணைச் சதுப்பையும் அதன் வடிகாலையும் ஒட்டிய தாழ்நிலத்தில் எழுந்தவை. ஆற்றுவெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிச் சதுப்பு வெள்ளத்தில் குடிவைத்திருக்கிறோம். மட்டக் கோட்டை அளந்து வைத்திருந்தால் இந்த முரண்பாடு முதல் நாளிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

அதே கோட்டுக்குள் பல அடுக்கு வளாகமும் கல்வி நிலையமும் அரசு அலுவலகமும் இருக்கும்போது ஏழையின் கூரையை மட்டும் அகற்றினால், அந்த அளவையை மக்கள் நம்ப மாட்டார்கள். மக்கள் நம்பாத வரைபடம் நீதிமன்றத்தில் வென்றாலும் தரையில் தோற்கும். ஆகவே வரைபடம் முழுவதும் திறந்த தரவாக, யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். ஆக்கிரமிப்புப் பட்டியலில் தனியார், நிறுவனம், அரசு என்ற மூன்று வகையும் ஒரே தாளில் வர வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயற்கைக்கோள் படத்தைத் தரவிறக்கி, நீர்க் குறியெண்ணைக் கணக்கிட்டு, வண்ண வரைபடத்தோடு ஆய்வேட்டை முடித்துவிடாதீர்கள். வரைந்த கோட்டின் மேல் ஒரு முறை நடந்து பாருங்கள். கலங்கலில் தொடங்கி அடுத்த ஏரி வரை போங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். அங்கே நாற்பது ஆண்டு குடியிருப்பவரிடம் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேளுங்கள். உங்கள் ஆய்வேட்டின் மதிப்பு அதில்தான் கூடும்.

வீடு வாங்கப் போகும் பொதுமக்களுக்கு ஒரு சொல். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்க்கிறோம். இனி இரண்டு எண்களையும் கேட்போம். இந்த மனையின் தரைமட்டம் என்ன? பக்கத்து ஏரியின் கலங்கல் மட்டம் என்ன? உள்வாய்ப் பக்கத்து மனையில் முதல் எண் இரண்டாவதைவிடச் சிறியது என்றால் அந்த மனை ஏரிக்குள் இருக்கிறது. எந்தப் பத்திரமும் அதை மாற்றாது. இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் அளந்து, இலவசமாக எல்லாருக்கும் தெரியும்படி வைக்கும் தொழில்நுட்பம் இன்று நம் கையில் இருக்கிறது. அளக்கத் தெரிந்த பொறியாளர்களும் இருக்கிறார்கள். மூன்றாம் முழுமைத் திட்டம் இறுதியாவதற்கு முன் அதைச் செய்து முடிக்குமாறு அரசையும், செய்யும்வரை விடாமல் கேட்குமாறு உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.